வண்டுப் பெட்டிக்குள் ஓர் ஆமைப்பூச்சி

முப்பத்தோரு வருஷம் இந்தியானாவில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் வெர்னா ஹாஸ்டெட்லர். பூச்சி என்றால் அவளுக்குத் துடைப்பம்தான் ஞாபகம் வரும். தபால்காரராக இருந்த கணவர் ஆர்விலோ பின்னறை முழுக்கப் பூச்சிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு அவற்றைக் கல்லூரிச் சேகரிப்புக்குக் கொடுத்துவிட நினைத்தாள்.

கல்லூரியிலிருந்து பார்க்க வந்த டெனீஸ், ஆர்விலின் குறிப்பேட்டில் கடைசி வரியிலேயே நின்றுவிட்டாள். அக்டோபர் பத்தொன்பது, கோரைச் சதுப்பு, ஆமைப்பூச்சி ஒன்று. அந்த மாவட்டத்தில் அதை இதுவரை யாரும் பிடித்துக் காட்டியதில்லையாம். ஆமைப்பூச்சி, வண்டில்லை, சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி இனம் என்பதால் அந்த இனத்துப் பெட்டிகள் ஐந்தையும் இருவரும் அலசினார்கள். இல்லை. பூச்சி இல்லாமல் வெறும் எழுத்தைப் பதிவேட்டில் ஏற்ற முடியாது என்று டெனீஸ் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அவர் பொய் எழுதுற ஆள் இல்லைம்மா," என்றாள் வெர்னா.

"பொய்னு சொல்லலை. தப்பாப் பார்த்திருக்கலாம்."

வெர்னாவுக்கு அதுவே வலித்தது. சதுப்புக்குப் போன அன்றைக்கு ஆர்விலால் குனிய முடியவில்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அவர் கைகாட்ட, இவள்தான் சேற்றில் முட்டிபோட்டு, கோரை வேரடிச் சருகை அள்ளி வெள்ளைத் தட்டில் உதறினாள். பஸ் கண்ணாடி துடைக்கிற மாதிரி தடவாதே என்று கிண்டல் வேறு. "கிழவா, இறங்கி வந்து நீயே உதறு," என்றாள் இவள். அடுத்த வாரமே போய்விட்டார். அன்று பிடித்ததில் குப்பியில் மிச்சமிருந்தவற்றை, அடக்கம் முடிந்த பிறகு, அவர் செய்வதைப் பார்த்திருந்த பழக்கத்தில் தானே அட்டை முனைகளில் ஒட்டி ஊசியில் ஏற்றினாள்.

அப்படியென்றால் தன் கைவழியாகத்தான் போயிருக்கிறது.

ஓடு இருந்ததையெல்லாம் வண்டென்றே எண்ணிக் குத்திவைத்தது நினைவுக்கு வர, எழுந்துபோய் வண்டுப் பெட்டியைத் திறந்தாள். மூலையில் ஓர் அரிசிமணி நீளத்துக்குப் பழுப்பாக ஒன்று. முதுகு முழுக்க ஓடு. ஊசியில் கோத்த சீட்டில் இடம், தேதி, பிடித்தவர் ஆர்வில். அதற்குக் கீழே அவள் கையெழுத்தில்: வண்டு.

டெனீஸ் லென்ஸை நீட்டினாள். "வண்டுன்னா முதுகு நடுவுல கோடு இருக்கும். இதுல இல்லை. அடியில பாருங்க, உறிஞ்சுற மூக்கு. ஆமைப்பூச்சியேதான்."

வெர்னா கொஞ்ச நேரம் லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அந்தச் சீட்டைக் கழற்றப் போனாள். டெனீஸ் தடுத்தாள். பழைய சீட்டைக் கழற்றுவது வழக்கமில்லை. திருத்தம் எழுதி அதே ஊசியில் அடியில் செருகுவார்கள்.

"அப்போ நூறு வருஷம் கழிச்சும் என் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பாங்களா?"

"அவர் பேரையும் படிச்சுட்டுத்தானே சிரிப்பாங்க."

"சரி, சிரிக்கட்டும்," என்று வெர்னா கையை எடுத்தாள்.