ஓடைப் பாலத்தில் என் பேர்

ரெண்டு குடிதண்ணீர்த் தொட்டி, ஒரு மாணவியர் விடுதி, கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்கு வருகிற ஜனத்துக்குக் கழிப்பறை, பஸ்ஸே பார்க்காத ஊர்களுக்கு பஸ், அப்புறம் எங்கள் ஓடைப் பாலம். இத்தனையும் கொண்டுவந்தது யார்? அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கின நான். எனக்கு சீட்டு கொடுத்தபோது கட்சிக்காரர்களே சிரித்தார்கள். "மூட்டை தூக்கறவன் சட்டசபையில போய் என்னத்தத் தூக்கப் போறான்?" என்றார்கள். ஜெயித்து வந்ததும் அவர்கள்தான் மாலையோடு முன்னால் நின்றார்கள். யார் முதலில் போடுவது என்று அவர்களுக்குள் அடிதடி வேறு.

மற்றதை விடுங்கள், பாலத்தைச் சொல்கிறேன். மழை பிடித்துவிட்டால் ஓடையில் இடுப்பளவு தண்ணீர் போகும். டவுன் பஸ் இந்தக் கரையிலேயே திரும்பிவிடும். பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கும். பிரசவ வலி வந்த பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக் கடந்திருக்கிறோம். முன்பக்கம் எப்பவும் நான்தான். பாரம் அங்கேதான் ஜாஸ்தி.

எம்.எல்.ஏ. ஆனதும் சபையில் என் முதல் பேச்சிலேயே பாலம் கேட்கத்தான் எழுந்தேன். ஆனால் எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே. தலைவருக்கு நன்றி சொல்லாமல் வாயைத் திறக்க முடியாது. தலைவரைக் கடல் என்றேன், இமயம் என்றேன், எங்கள் அண்ணாமலையே எழுந்து நடந்து வந்த மாதிரி என்றேன். நம்ம ஆட்கள் மேஜையைத் தட்டத் தட்ட எனக்கு வேகம் ஏறிவிட்டது. அப்புறம் மாவட்டச் செயலாளர், அமைச்சர்கள் ஒவ்வொருத்தராக. ஒருத்தரை விட்டாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்களே. ஓட்டுப் போட்ட ஜனத்துக்கு வருவதற்குள் சபாநாயகர் மணியை அடித்துவிட்டார்.

"நேரம் முடிஞ்சுது, உறுப்பினர் உட்காருங்க."

"ஐயா, நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலீங்க!"

சபையே சிரித்தது. எதிர்க்கட்சிப் பக்கம் இருந்து ஒருத்தர், "இன்னும் ரெண்டு மலை பாக்கி இருக்குதுண்ணே, அதையும் சொல்லிடுங்க" என்றார். மைக்கும் நின்றுபோனது. மண்டியில் லாரி சத்தத்துக்கு மேலே கத்திப் பழகின தொண்டைக்கு மைக் எதற்கு?

"எங்க ஓடைக்குப் பாலம் வேணுங்க! பஸ் வர மாட்டேங்குதுங்க! பொம்பளைங்களைக் கட்டில்ல தூக்கினு போறோங்க!"

துறை அமைச்சர் சிரித்துக்கொண்டே எழுந்தார். "பாலம் தர்றோம். உறுப்பினர் உட்கார்ந்தா போதும்." சொன்னபடியே தந்தார்.

திறப்பு விழாக் கல்லில் அமைச்சர் பேருக்குக் கீழே என் பேரும் இருந்தது. எழுத்து கொஞ்சம் சின்னது. பரவாயில்லை என்று விட்டேன்.

இப்போது பாலத்தை அகலமாக்கியிருக்கிறார்கள். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழைய கல்லைக் காணோம். புதுக் கல்லில் இப்போதைய எம்.எல்.ஏ. பேர் இருக்கிறது, வார்டு மெம்பர் பேர்கூட இருக்கிறது, என் பேர் மட்டும் இல்லை. எம்.எல்.ஏ. நம்ம கட்சிப் பையன்தான். நேரிலேயே போய்க் கேட்டேன்.

"கல்லுல எடம் கம்மிண்ணே. ஜனங்க மனசுல உங்க பேர் இருக்குது, அது போதாதா?"

"அப்போ உன் பேரை மனசுல வெச்சுக்கட்டும் தம்பி, என் பேரைக் கல்லுல போடு" என்றேன். டீ கொடுத்து அனுப்பிவிட்டான்.

வீட்டுக்காரி என்னைத்தான் திட்டினாள். "அந்தக் கல்லு மேல நாய் ஒண்ணுக்குப் போவுது. அதுக்குப் போயி ஏங்க இப்படி அலையறீங்க?"

"போவட்டும்டி. என் பேர் மேல போவட்டும்."

போன வாரம் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது, முன் சீட்டில் இருந்த காலேஜ் பெண் தோழியிடம் சொல்கிறாள், இந்தப் பாலமே இப்போதைய எம்.எல்.ஏ. கொண்டுவந்ததாம். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

புதுக் கல்லைப் பிடுங்கச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு கல் நடுங்கள். இந்த ஓடைக்கு முதல் பாலத்தைக் கேட்டு வாங்கியவர் இவர் என்று என் பேரை இனிஷியலோடு வெட்டுங்கள். என் காசில் நானே நட்டால் அது விளம்பரம். சர்க்கார் நட வேண்டும், நான் உயிரோடு இருக்கும்போதே நட வேண்டும்.