பத்து விநாடி அசையாத கூட்டம்

ராத்திரியில் ஊரைப் படம் எடுப்பவருக்கு மொத்தம் ஐந்து கால். அதில் வலிப்பது நம்முடைய இரண்டு மட்டும். மூன்று கால் ட்ரைபாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நான் மலேசியாவில், மலாக்கா மாநிலத்து லூபோக் சீனா பக்கம் தோட்டத்துப் பள்ளியில் படித்தவள். இப்போது ஜாசினில் குடியிருப்பு, ஒன்றரை வயதில் ஒரு மகள். கேமரா பழசு, ஆசைதான் புதுசு. "ஒரு ஆர்டராவது வந்து நல்லா முடியட்டும், அப்புறம் தொழில்னு சொல்லு. இல்லேன்னா கேமராவை வித்துட்டு பாப்பாவுக்கு ஸ்ட்ரோலர் வாங்கிடலாம்" என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். நியாயமான பேச்சு. எனக்குத்தான் விற்க மனசில்லை.

பை மட்டும்

முதலில் மலாக்கா ஆற்றோரம் பழகப் போனேன். பாலத்து விளக்கெல்லாம் தண்ணீரில் விழும் இடம். காற்றடித்தால் ட்ரைபாட் நடுங்கும், படம் கலங்கிவிடும். அதன் நடுக்கொக்கியில் கனமாக எதையாவது தொங்கவிட வேண்டும். மணல் மூட்டைக்கு எங்கே போவது? பாப்பாவின் பையை மாட்டினேன். டயப்பர், பால் போத்தல், மாற்றுத்துணி, தண்ணீர். ட்ரைபாட் கல் மாதிரி நின்றது.

பாப்பா வீட்டில் அப்பாவோடு இருந்தாள். அது நடக்க வந்த ஆண்ட்டிக்கு எப்படித் தெரியும்? பையைப் பார்த்தார், ஆற்றை எட்டிப் பார்த்தார், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, பை இங்க இருக்கு, பிள்ளை எங்க?"

ஹெல்மெட்

அடுத்து ஜாசின் ரோட்டோரம். ஓடுகிற வண்டிகளின் விளக்கு படத்தில் நீளக் கோடாக விழும். ஆனால் வண்டி ஓடினால்தானே? மூன்று காலில் கேமராவைப் பார்த்ததும் போலீஸ் கேமரா என்று நினைத்து எல்லாரும் ஆமையாகிவிட்டார்கள். லாரிக்காரர்கூட எனக்கு சலாம் வைத்துவிட்டு மெதுவாகப் போனார்.

மோட்டாரில் வந்த ஓர் அண்ணன் என்னைத் தாண்டிப் போய் நிறுத்தி, கூடையிலிருந்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஒரு சுற்று சுற்றி மறுபடி என் முன்னால் வந்தார். "தங்கச்சி, இப்ப போட்டுட்டேன் லா, முன்னாடி எடுத்ததை அழிச்சிரு!"

பூனை

அன்று எடுத்த ஒரு படத்தை வாட்சப் ஸ்டேட்டஸில் போட்டேன். ஜாசினில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சரோஜா அக்கா அதைப் பார்த்தார். டுரியான் துங்காலில், கேம்பஸ் பக்கம், இரண்டாவது கடையைத் திங்கட்கிழமை திறக்கிறார். அங்கே சுவரில் மாட்ட ஜாசின் கடையின் படம் வேண்டும், பெரிதாக. "கூட்டம் தெரியணும்மா. புது இடத்துல நம்மள யாருக்குத் தெரியும்?" என்றார். என் முதல் ஆர்டர்!

வியாழக்கிழமை, வானம் நீலமாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் எடுத்தேன். வெளிமேசை முழுக்க ஆள். ஆனால் பத்து விநாடி கேமரா கண்ணைத் திறந்து வைத்திருந்தால் அசைகிறவர்கள் கரைந்துபோவார்கள். நேரத்தைக் குறைத்தால் பெரிய படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளி வரும். என் படத்தில் கடை ஜொலித்தது, நாற்காலிகள் மின்னின, மேசைக்குக் கீழே ஒரு பூனை தெளிவாக உட்கார்ந்திருந்தது. மனிதர்கள் புகை. வெள்ளிக்கிழமை எல்லாரிடமும் "பத்து விநாடி அசையாதீங்க" என்று கெஞ்சினேன். நாலாவது விநாடியில் ஒருவர் சிரித்தார், கடையே குலுங்கியது. அக்கா இரண்டு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். "என்னம்மா இது, என் கடைக்குப் பூனை மட்டும்தான் கஸ்டமரா?"

முதல் நம்பர்

சனிக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. ஞாயிற்றுக்கிழமை பிரிண்ட் போட்டாக வேண்டும். பையை மாட்டிவிட்டு நின்றேன். வானம் நீலமானது. மேசைகளில் அதே சலசலப்பு. ஸ்ட்ரோலர் என்ன நிறத்தில் வாங்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

திடீரென்று சத்தம் நின்றது. கை இலையில், தலை போனில். ஒருவர் அப்பளத்தை வாய் வரை கொண்டுபோனவர் அப்படியே இருந்தார். நாலு நம்பர் லாட்டரி ரிசல்ட் போனில் வருகிற நேரம்! பட்டனை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். பத்து முடிந்து கேமரா 'டிக்' என்றதும், எல்லா மேசையிலும் ஒரே குரலில் "சே!"

படத்தில் ஓர் ஆள்கூடக் கரையவில்லை. போன் வெளிச்சம் ஒவ்வொரு முகத்திலும் தனி விளக்கு ஏற்றியதுபோல் விழுந்திருந்தது. திங்கட்கிழமை அது புதுச் சுவரில் ஏறியது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, எதிர்ச்சுவருக்கும் ஒன்று கேட்டார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த வீட்டுக்காரர், "ஸ்ட்ரோலர் வரட்டும், கேமராவும் இருக்கட்டும்" என்று என் காதில் சொன்னார். அப்போதுதான் சாப்பிட வந்த ஒரு மாணவி படத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். "அக்கா, அந்தக் கடையில வைஃபை அவ்வளவு ஸ்ட்ராங்கா?"

அந்தச் சனிக்கிழமை அந்தக் கடையில் நம்பர் அடித்தது ஒரே ஆளுக்குத்தான், நம்பரே வாங்காத எனக்கு.