ரியர் லெஃப்டில் ஓர் இரைச்சல்

கம்ப்யூட்டர் கடை வேலையில் பதினாறு வருஷம் ஓடிவிட்டது. திட்டிக்கொண்டு வந்த கஸ்டமரைப் பார்த்திருக்கிறேன், அழுதுகொண்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். வெள்ளைத்தாளில் மார்ஜின் மடித்து, அனுப்புநர், பெறுநர் எழுதி, ஸ்பீக்கர் மேல் புகார் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். குற்றாலம் சண்முகவேல் ஏட்டையா. போலீஸில் தலைமைக் காவலராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

அந்தப் புகாரைப் படித்து முதலில் சிரித்தேன். அப்புறம் பத்து நாளைக்கு எனக்குச் சிரிப்பே வரவில்லை.

1. பேர் ஊர் தெரியாத செட்டு

தென்காசியில் செல்லையா அண்ணாச்சி கடையில் நான் சேல்ஸுக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. சேல்ஸ் என்றுதான் சேர்த்தார். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும் என்று கண்டதும் சர்வீஸும் என் தலையில் விழுந்தது.

அப்போது வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஃபைவ் பாயின்ட் ஒன் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முன்னால் மூன்று ஸ்பீக்கர், முதுகுக்குப் பின்னால் ரியர் லெஃப்ட், ரியர் ரைட் என்று இரண்டு, கீழே தடதடவென்று அடிக்க ஒரு ஊஃபர். கம்பெனி செட்டின் விலையைக் கேட்டவர்கள் அப்படியே மவுஸ் பேட் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால், மலிவான செட் கொஞ்சம் இறக்கலாம் என்று நான்தான் அண்ணாச்சியை நச்சரித்தேன்.

"நீ சொல்லுதியேன்னு எடுக்கேன். பேர் ஊர் தெரியாத செட்டு. கெட்டுப்போனா மாத்திக் கொடுக்க கம்பெனிக்காரன் ஒருத்தனும் கெடையாது. ஒரு செட்டு திரும்பி வந்தாலும் அந்தப் பெட்டியோட நீயும் கெளம்பிரணும்" என்றார்.

வெறும் மிரட்டல் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவரை ஒரு பிரின்டர் திரும்பி வந்ததற்காக அனுப்பிவைத்தவர் அவர். என்னையும் அனுப்பினால் பாவூர்சத்திரம் சந்தையில் மாமாவின் கமிஷன் கடைக்குத்தான் திரும்பப் போக வேண்டும். காலையிலிருந்து தக்காளிப் பெட்டி எண்ண வேண்டும். தக்காளி மேல் எனக்குக் கோபம் இல்லை. மாமா மேல் உண்டு.

முதல் செட்டை வாங்கியவர் ஏட்டையா.

"மாப்பிள்ள மெட்ராஸ்ல இருந்து சாரலுக்கு வாராரு. அவரு வீட்டுல பெரிய செட்டு வச்சிருக்காராம். நம்ம வீட்டுல படம் போட்டா தகர டப்பாவத் தட்டுனாப்ல கேக்கு. நாலாபக்கமும் சத்தம் வரணும், விலை மட்டும் என் பென்சனுக்கு அடங்கணும்."

நானே ஸ்கூட்டியில் காலிடுக்கில் பெட்டியை வைத்துக்கொண்டு போய் மாட்டினேன். அருவிக்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ரியர் ரைட்டை பீரோ மேல் வைத்தாயிற்று. ரியர் லெஃப்டுக்கு இடம் இல்லை. வருஷாவருஷம் சாரல் குடித்த சுவர், ஆணி அடித்தால் பொலபொலவென்று கொட்டியது. மேலே ஒரு வெண்டிலேட்டர் இருந்தது, பலகை வைத்து அடைத்திருந்தார்கள். அந்தப் பலகையை நெம்பி எடுத்தேன்.

ஏட்டையாவின் மனைவி பேச்சியம்மாள் பார்த்துவிட்டார். "ஏம்மா, அது சாரலுக்கு அடைச்சதுல்லா?"

"சாரல் வரும்போது பாத்துக்கிடலாம்க்கா" என்றேன். வெண்டிலேட்டர் கம்பியில் பைண்டிங் வயர் போட்டு ஸ்பீக்கரைத் தொங்கவிட்டேன். அதற்குக் கீழேதான் ஏட்டையாவின் நாற்காலி. டெமோவில் ஹெலிகாப்டர் பின்னாலிருந்து வந்தபோது மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு திருப்தி. பில்லில் ஒரு வருஷம் கடை வாரன்ட்டி என்று எழுதிக் கொடுத்தேன். அது வைகாசி மாசம், அருவியில் வெறும் பாறைதான் தெரிந்தது.

2. புகார்கள்

ஆனி பிறந்து பத்து நாளில் ஏட்டையா கடை வாசலில் நின்றார். புகாரின் முக்கியப் பகுதி இது:

'சம்பவ இடம்: ரியர் லெஃப்ட். சம்பவ நேரம்: படத்தில் யாரும் பேசாத நேரம். சம்பவம்: உஸ்ஸென்று விடாத இரைச்சல். சந்தேகம்: கடைக்காரர்கள் மீது.'

அண்ணாச்சி தாளை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு காலண்டரைப் பார்த்தார்.

அன்று மத்தியானமே போனேன். குற்றாலம் முழுக்கக் கூட்டம், சாரல், ஈரத் துண்டு. நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டினேன். இரைச்சல் இருக்கத்தான் செய்தது. ரியர் லெஃப்டைக் கழற்றி பீரோ மேல் வைத்தேன், பீரோ மேல் இருந்ததை இங்கே தொங்கவிட்டேன். இரைச்சல் அதே இடத்திலிருந்துதான் வந்தது.

"ஆளு மாறிட்டான், கேசு மாறலியே" என்றார் ஏட்டையா.

அப்படியானால் வயர்தான் என்று புது வயர் இழுத்தேன். போகவில்லை. இரண்டாம் புகார் வந்தது. சவுண்ட் கார்டுதான் என்று வேறு கார்டு போட்டேன். போகவில்லை. மூன்றாம் புகார். ஈரத்தில் எர்த்திங் சரியில்லை என்று ஒரு எலக்ட்ரீஷியனையும் கூட்டிப் போனேன். அவர் சுவரைத் தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டி, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

செட் முழுவதையும் கடைக்குத் தூக்கிவந்து ஒரு நாள் பூராவும் ஓடவிட்டேன். ஒரு சின்ன உஸ் கூட இல்லை.

"கடைக்கு வந்தா நல்லபுள்ள மாதிரி இருக்கான். வீட்டுக்கு வந்தா வேலையக் காட்டுதான். இப்படி எத்தன பேர நான் பாத்திருக்கேன்" என்று ஏட்டையா ஸ்பீக்கரை முறைத்தார். ஸ்பீக்கர் மேல் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அந்த அளவுக்குக் குழம்பிப் போயிருந்தேன்.

3. கரண்ட் போன நேரம்

சனிக்கிழமை காலை ரயிலில் மாப்பிள்ளை வருகிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போனபோது ஏட்டையா காலிப் பெட்டியைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். தெர்மாகோல்கூட ஒழுங்காக அடுக்கியாயிற்று.

"கடைசியா ஒரு வாட்டி பாரு. இல்லன்னா எடுத்துட்டுப் போயிரு. மாப்பிள்ள முன்னாடி அசிங்கப்பட முடியாது."

எனக்கு அந்தப் பெட்டியில் தக்காளி அடுக்கியிருப்பது போலவே தெரிந்தது. படத்தை ஓடவிட்டு இரண்டு பேரும் காதைக் கொடுத்து உட்கார்ந்தோம். இரைச்சல் முன்பைவிடப் பலமாகக் கேட்டது.

அந்த நேரத்தில் கரண்ட் போனது. மானிட்டர் அணைந்தது. ஃபேன் நின்றது. ஊஃபரின் சிவப்பு லைட்டும் போனது. இரைச்சல் மட்டும் போகவில்லை.

நான் ஏட்டையாவைப் பார்த்தேன். ஏட்டையா ஸ்பீக்கரைப் பார்த்தார்.

அடுப்படியிலிருந்து பேச்சியம்மாள் குரல் கொடுத்தார். "ஏங்க, மேல நல்ல மழை போல. அருவி போடுத சத்தத்தக் கேட்டியளா?"

ஸ்டூல் மேல் ஏறி ஸ்பீக்கரைக் கம்பியிலிருந்து அவிழ்த்தேன். வெண்டிலேட்டர் ஓட்டை வழியாகச் சாரல் என் முகத்தில் அடித்தது. அதே ஓட்டை வழியாக அருவி இரைந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லாத ஸ்பீக்கரைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் ஸ்டூல் மேலேயே நின்றேன். இறங்கினால் பேச வேண்டியிருக்குமே.

"ஏட்டையா, அந்தப் பலகையக் கழட்டுனது நாந்தான்" என்றேன்.

அவர் வெண்டிலேட்டர் ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "பொறந்ததுல இருந்து இந்தச் சத்தத்துலதான் கெடக்கேன். எனக்கே வெளங்கலியே. முப்பத்தோரு வருஷம் சர்வீசு. நீ வெளிய சொல்லிராதம்மா" என்றார்.

நானா சொல்வேன்? பலகையை அவர் பிடித்துக்கொள்ள நான் ஆணி அடித்தேன். ஸ்பீக்கரை அந்தப் பலகையிலேயே மாட்டினேன். கரண்ட் வந்தது, படம் ஓடியது, பின்னால் சுத்தமாக அமைதி. காலிப் பெட்டியைப் பரண் மேல் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சாரல் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அவர் போலீஸ்காரர் அல்லவா, கணக்கை முடிக்காமல் விடமாட்டார். கடைக்குக் கடைசியாக ஒரு தாள் வந்தது: 'எதிரி அடையாளம் காணப்பட்டார். கைது செய்ய வழியில்லை. வழக்கு முடித்து வைக்கப்பட்டது.'

அண்ணாச்சி இரண்டு தடவை படித்தார். "யாரும்மா எதிரி?"

"உள்ளூர்தான் அண்ணாச்சி. எல்லாருக்கும் தெரிஞ்சவங்கதான்."

போலீஸ் விவகாரம் நமக்கெதுக்கு என்று அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்த வாரம் அதே செட்டில் இன்னும் பத்து இறக்கினார்.

4. கற்றுக்கொண்டது

இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: எதையும் கழற்றுமுன் சுவிட்சை அணை. அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நில். அதற்கு முன்னால் நீ என்னத்தைக் கழற்றிப் போட்டாய் என்று யோசி. இந்த மூன்றும் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால் ஒரு சவுண்ட் கார்டு மிஞ்சியிருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மாப்பிள்ளை வந்து, செட்டு பிரமாதம் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். இரண்டாம் நாள் ஏட்டையா போன் பண்ணினார். "ஏம்மா, அந்தப் பலகைய எடுத்துரு. படத்துல மழை பெய்யுது, பின்னால ஒரு உசுரே இல்ல." போய்ப் பலகையை எடுத்து, ஸ்பீக்கரைப் பழையபடி கம்பியில் கட்டிவிட்டு வந்தேன்.

அப்புறம் மாசி மாசத்தில் ஒரு நாள் மறுபடி அவர் போன்.

"ஏம்மா, ரியர் லெஃப்டுல இருந்து மழைச் சத்தமே வரல. ஸ்பீக்கர் செத்துப்போச்சு போல."

"ஏட்டையா, அருவில தண்ணி இல்ல. ஆனி வரட்டும், தானா வேல செய்யும்."

போனில் பில்லைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"வாரன்ட்டி வைகாசியோட முடியுதுன்னுல்லா போட்டிருக்கு?"