கடைசியாகக் காதில் விழுந்த பெயர்

முத்துமாரி அம்மாவை நம்பி வாழும் என் தெருக்காரர்களே, இந்த அனுபவத்தைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மனசு ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை.

என் பெயர் தனலட்சுமி. வேப்பம்பட்டில் நம் முத்துமாரி கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். குழந்தை பிறந்த பிறகு நான் கோர்ஸில் சேர்ந்து ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழி படித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெயரைக் கெடுக்கத்தான் போன ஆடி மாதம் பார்த்தார்கள்.

எங்கள் கம்பெனி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறது. ரத்தம் கொடுத்தவர்கள் தங்கள் எண்ணைப் போட்டால் ரிப்போர்ட் போனிலேயே வந்துவிடும். நான் அதில் செய்தது ஒரே ஒரு வேலை. ஆங்கிலத்தில் மட்டும் இருந்த பக்கத்தில் தமிழையும் சேர்த்தேன். அந்த வாரமே இலவச மருத்துவ முகாம் நடந்தது. முகாமுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ரிப்போர்ட் பார்த்தார்கள். ஒருவருடைய ரிப்போர்ட் இன்னொருவருக்குப் போனது. திருநின்றவூரில் ஒரு அம்மா, யாருடைய ரிப்போர்ட்டையோ பெயரைக் கவனிக்காமல் பார்த்துவிட்டு, தன் கிட்னி போய்விட்டது என்று சோறு தண்ணி இல்லாமல் கிடந்திருக்கிறார்.

எங்கள் டீம் லீடர் சதீஷ் யாரையும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. எல்லாருக்கும் மெயில் போட்டார். அந்தப் பக்கத்தைக் கடைசியாகத் தொட்டது தனலட்சுமி, அவருடைய கவனக்குறைவே காரணம் என்று எழுதியிருந்தார். பரிசோதனைக் கூடத்துக்கும் அந்த மெயில் போனது.

"நான் எழுத்த மட்டும்தான் சார் மாத்தினேன். யாருக்கு எந்த ரிப்போர்ட் போகணுங்கிறத நான் தொடவே இல்ல" என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கோர்ஸ் படிச்சிட்டு வர்றவங்கள வேலைக்கு எடுத்தா இப்படித்தான். திங்கக்கிழமை ராஜினாமா லெட்டரோட வாங்க" என்றார்.

அன்று ஆடி வெள்ளி. மத்தியானம் முழுக்க நான் எழுதிய வரிகளைத் துருவித் துருவிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சரியான ரிப்போர்ட்தான் வந்தது. தப்பு என்னுடையது இல்லை என்று தெரிகிறது, நிரூபிக்க வழியில்லை. ரயிலில் நின்றுகொண்டே அழுதேன். வீட்டுக்குப் போகாமல் நேராகக் கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை. சண்டை போடப் போனேன். "உனக்குக் கண் இருக்கிறதா? நீ இங்கே உட்கார்ந்து என்ன செய்கிறாய்? என் பெயரைத் திருப்பிக் கொடு. இல்லாவிட்டால் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன்." மனசுக்குள் இப்படித்தான் கேட்டேன். இதைவிட மோசமாகவும் கேட்டேன். அதை எழுத முடியாது.

கூட்டம் நெருக்கியடித்தது. அர்ச்சனைத் தட்டைக் கொடுத்து, தனலட்சுமி, சதயம் என்று பெயரும் நட்சத்திரமும் சொன்னேன். நான் சொல்லி முடித்ததுமே பக்கத்தில் நின்ற பெண் தன் மகனுக்காக, கார்த்திகேயன், ரோகிணி என்றார். பூசாரி என் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ரோகிணி நட்சத்திரம், கார்த்திகேயன்" என்று அம்மாவுக்குச் சொன்னார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஆபீஸில் என் பெயர் போனது, இங்கேயுமா? "ஐயா, அது என் தட்டு. நீங்க சொன்னது இவங்க பையன் பேரு" என்று சத்தம் போட்டேன்.

பூசாரிக்கும் கோபம் வந்துவிட்டது. "ஆளாளுக்கு ஒரே நேரத்துல பேரு சொன்னா நான் இன்னாம்மா பண்ணுவேன்? கடைசியா காதுல உயுந்த பேருதான் வாயில வரும்" என்றார்.

உடம்பெல்லாம் சிலிர்த்தது. கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். போனில் ஒரு பக்கத்தைத் திறந்தால் சர்வருக்கு ஒரு கோரிக்கை போகிறது. அங்கே சர்வ்லெட் என்று ஒரு ஜாவா புரோகிராம் அதை வாங்கிப் பதில் அனுப்புகிறது. ஆளுக்கு ஒரு சர்வ்லெட் கிடையாது. எத்தனை பேர் ஒன்றாகக் கேட்டாலும் அந்த ஒன்றுதான் எல்லாருக்கும் பதில் சொல்கிறது. அதனால் கேட்டவருடைய எண்ணை அவரவர் கோரிக்கைக்குள்ளேயே தனியாக வைக்க வேண்டும். பொதுவான இடத்தில் வைத்தால், பின்னால் வருகிறவருடைய எண் முன்னால் வந்தவருடையதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஒருவர் மட்டும் பார்த்தால் தப்பே தெரியாது. கூட்டம் வந்தால்தான் ஆள் மாறும். இதைக் கோர்ஸில் முதலிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். சதீஷ் கேவலமாகப் பேசிய அதே கோர்ஸில். அவர் பழியை என்மேல் போட்டதால், நான் என் வரிகளையே தோண்டிக்கொண்டிருந்தேன். மற்ற இடத்தைப் பார்க்கத் தோன்றவேயில்லை.

மறுநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். நினைத்தது சரி. நோயாளியின் எண்ணைப் பொதுவான இடத்தில்தான் வைத்திருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே சதீஷ் எழுதிய வரி அது. இரண்டு கோரிக்கையும் ஒன்றாக வந்து விழுவதற்காகப் பதில் சற்றுத் தாமதமாக வரும்படி செய்துவிட்டு, என் கணவர் பாபுவை அவருடைய போனில் ஓர் எண்ணைப் போடச் சொன்னேன். உடனே என் போனில், சோதனைக்காக என் பெயரில் பதிந்திருந்த வேறு எண்ணைப் போட்டேன்.

"இன்னா தனா, என் போன்ல உன் பேரு வந்துகீது?" என்றார்.

அந்த மெயில் வந்த பிறகு அப்போதுதான் சிரித்தேன்.

திங்கட்கிழமை லெட்டர் கொண்டுபோகவில்லை. முதலாளி எதிரிலேயே அதே சோதனைக்காகச் சதீஷை அவருடைய போனில் ஓர் எண்ணைப் போடச் சொன்னேன். அடுத்த நொடியே நான் என் எண்ணைப் போட்டேன். "யார் பேரு வருது, படிங்க சார்" என்றேன். அவர் படிக்கவில்லை. முதலாளி போனை வாங்கிப் படித்தார். தனலட்சுமி.

"சரி, டீம் மிஸ்டேக்னு ஒரு மெயில் போட்டுடலாம்" என்றார் சதீஷ்.

"பழி போடும்போது என் பேரப் போட்டீங்க. இப்ப மட்டும் டீமா? உங்க பேரப் போட்டு, அதே ஆளுங்களுக்கு அனுப்புங்க சார்" என்றேன். முதலாளி, "அனுப்புங்க சதீஷ்" என்றார். சாப்பாட்டு நேரத்துக்குள் மெயில் போனது, அவர் பெயரோடு.

முதலாளியிடம் கேட்டுக்கொண்டு திருநின்றவூர் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். அது உங்கள் ரிப்போர்ட் இல்லை என்றதும் அவர் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "மனுஷ உசுருன்னா உங்களுக்கு வெளாட்டா கீதா?" என்று திட்டித் தீர்த்தார். சதீஷ் கேட்க வேண்டிய திட்டு அது. ஆனாலும் முழுதாகக் கேட்டுக்கொண்டேன்.

சதீஷ் இன்றுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பெரிய மனசு பண்ணி விட்டுவிடு என்கிறார்கள். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. முன்பெல்லாம் யாராவது குற்றம் சொன்னால் முதலில் என்னைத்தான் சந்தேகப்படுவேன். இப்போது அப்படியில்லை. நம் பூசாரியும் மாறிவிட்டார். என்னைக் கண்டாலே, "ஒவ்வொருத்தரா பேரச் சொல்லுங்க, இந்தம்மா சண்டைக்கு வரும்" என்கிறார்.

நீங்களும் வாருங்கள். நெஞ்சு கொதிக்கிறது, இப்படியே எப்படிச் சாமி முன்னால் நிற்பது என்று தயங்காதீர்கள். கொதிப்போடேயே வந்து கேளுங்கள். சர்வ்லெட்டைப் போல அம்மாவும் ஒருத்திதான், நாம் எல்லாரும் ஒரே நேரத்தில்தான் கேட்கிறோம். கார்த்திகேயன் பெயரில் நடந்த அர்ச்சனைக்கு எனக்குப் பதில் சொன்னாளே, அவளுக்கு ஆள் மாறாது.