நேகலே பூசிய மெழுகு

பக்கத்து வீட்டு காட்லோப் நேகலே கெட்டவரில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென் ஜெர்மனியில் எங்கள் ஊர்க் கார் ஆலையில் முப்பது வருடம் வண்டிகளை வரைந்து வடிவமைக்கும் மேசையில் இருந்தவர். என் மனைவி வால்பூர்கா மருத்துவச்சி. மலைக் கிராமங்களில் பிரசவம் பார்க்க ஓடுகிறவள். நேகலே சொல்லித்தான் 1974-இல் அந்த மாடலை வாங்கினோம். அதே வாரம் அவரும் அதையே வாங்கினார்.

ஆறாவது வருடம் பரிசோதனை நிலையத்தில், எங்கள் வண்டியின் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில் ஆய்வாளர் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். பொத்தென்று உள்ளே போய்விட்டது. துரு. ஓட்டக் கூடாது என்றுவிட்டார். மலையில் மூன்று பெண்களுக்கு அந்த வாரம்தான் பிரசவ நாள். நேகலேயின் வண்டியோ அன்று காலையே தேர்ச்சி முத்திரை வாங்கி வந்திருந்தது.

பனி உருகச் சாலையில் கொட்டும் உப்புதான் தகட்டை அரிக்கும்; அது அவர் வண்டிக்கு மட்டும் இனிக்குமா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்டோபர் தோறும் ஒரு சனிக்கிழமை அவர் கார் கொட்டகையைச் சாத்திக்கொள்வார். தெருவெல்லாம் மெழுகு வாசம் அடிக்கும். கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தி செய்கிறார் என்று நினைத்திருந்தோம்.

வால்பூர்கா நேரே போய் அவர் வாசலில் நின்றாள்; பின்னாலேயே நானும் போனேன். "உள்ள என்ன சார் பூசுறீங்க?"

அவர் மறைக்கவில்லை. "மெழுகும்மா. தகட்டுக்குள்ள துரு ஏறாம இருக்க ஆலையிலயே பூச வேண்டியது. பெட்ரோல் விலை ஏறினப்ப வண்டிக்கு ரெண்டு மார்க்காவது குறைங்கன்னாங்க. மெழுகை விட்டுடலாம்னு எழுதிக் கொடுத்தது நான்தான். பாராட்டி வாட்ச் கொடுத்தாங்க."

"கையில இருக்கே, இதுவா? இது துருப் பிடிக்கலையே!"

"மெழுகில்லாமலே தகடு அஞ்சு வருஷம் தாங்கும்னு கணக்கு. அங்கங்க இப்படிக் குறைச்சதாலதான் உங்களால வாங்க முடிஞ்சுது."

அது உண்மை. அதனால்தான் எனக்கு எரிச்சல் வந்தது. எங்கேயாவது குறைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் குறைத்த இடம் தெரிந்த மனிதர் தன் வண்டிக்கு மட்டும் நிரப்பிக்கொண்டார்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றாள் வால்பூர்கா.

"சொன்னா தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல." தலையைக் குனிந்தபடி தன் கார் சாவியை நீட்டினார். "எடுத்துட்டுப் போங்க. எனக்கு பஸ் போதும்."

வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. "அக்டோபர் வருது. இந்தத் தடவை கதவைத் திறந்து வெச்சுப் பூசுங்க."

அந்த அக்டோபர் சனிக்கிழமை கொட்டகை அகலத் திறந்திருந்தது. எட்டு மணிக்கே நேகலே ஒரு வண்டிக்கு அடியில் கிடந்தார். தெருவில் இன்னும் ஆறு வண்டிகள் வரிசையில் நின்றன. எல்லாம் அவர் சொல்லி வாங்கியவை.