இன்னொருதரம் அக்கா

குழலின் நுனியைக் கறுப்புத் துணிக்கு மேலே பிடித்து, சிரிஞ்சை மெல்ல அழுத்தினாள். தண்ணீர் நூலாக இறங்கி, துணியின் நடுவே சாக்பீஸால் போட்டிருந்த வட்டத்துக்குள் விழுந்தது. விழுந்தால் மட்டும் போதாது, வளையாமல் விழ வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் சாயவில்லை. ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. "எதுக்கும் இன்னொருதரம்" என்று யாருக்கோ பதில் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, சிரிஞ்சை மறுபடி நிரப்பினாள்.

பதினான்கு வருடமாக இதே வசனம். அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயரே 'இன்னொருதரம் அக்கா' என்றாகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் நுழைய முடியாத ஓர் அறை. அதுதான் அவளுடைய ராஜ்ஜியம். ஒரு தொட்டி, பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு, மூலையில் பெருமூச்சு விட்டுக்கொண்டு கிருமி கொல்லும் நீராவிப் பெட்டி. புரை எடுக்கும்போது டாக்டர் விழியோரத்தில் ஓர் அரிசியின் நீளம்கூட இல்லாத கீறல் போடுவார். அதன் வழியே கண்ணுக்குள் நுழைந்து தண்ணீர் விடுவதும், பசை மாதிரியான மருந்தை நிரப்புவதும், மிச்சம் மீதியை உறிஞ்சி எடுப்பதும் இந்தக் குழல்கள்தாம். பார்வைக்கு ஊசி, முனை மட்டும் மழுங்கல். டாக்டர்கள் கேனுலா என்பார்கள். அவள் வைத்திருக்கும் பெயர்கள் வேறு. நுனி வளைந்தது கொக்கி. தட்டையானது வாத்து மூக்கு. எல்லாவற்றிலும் மெல்லிய, பசை மருந்து போகிற குழல் ஒல்லிப்பிச்சான். "இவன்தான் சிஸ்டர் பெரிய கள்ளன். பாக்கச் சுத்தமா இருப்பான், வயித்துக்குள்ள எல்லாத்தையும் ஒளிச்சு வச்சிருப்பான்" என்று தியேட்டர் சிஸ்டரிடம் கோள் சொல்லுவாள்.

வீட்டிலும் இதே கதைதான். கை கழுவுவதற்கு முன்னால் சோப்பைக் கழுவுவாள். விருந்தாளி குடித்து வைத்த டம்ளரை அவர் வாசல் தாண்டுவதற்குள் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். போனவர் கோபித்துக்கொண்டதும் உண்டு. "என்னை இன்னும் கொதிக்க வைக்கல, அந்த மட்டுக்கும் தப்பிச்சேன்" என்பான் புருஷன்.

அவனுக்கு ஓர் அக்கா. அதே தெருவில் தையல் மெஷின் போட்டு பேன்ட்டுக்கு அடி மடித்துத் தைக்கிறவள். வாய் ஓயாது, கையும் ஓயாது. தம்பி பெண்டாட்டியைக் கேலி செய்யாவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது. "கையக் கழுவிக் கழுவி ரேகையே போயிருக்கும், காட்டு பாக்கலாம்" என்பாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் நீல பேன்ட்டுக்குக் கறுப்பு நூலில் அடி தைத்துக் கொடுத்துவிட்டாள். போட்டுக்கொண்டு போனவர் திரும்பி வந்து காட்டியபோதும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண்ணில் எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா தேதி குறித்தார்.

தேதி நெருங்க நெருங்க நாத்தனாரின் வாய்த்துடுக்கு குறைந்துகொண்டே வந்தது.

"கண்ணுக்குள்ள ஊசிய விடுவாங்களாமே?"

"ஊசி இல்ல அண்ணி. குழல். நான் கழுவுறதுதான்."

"நீ கழுவுறதுன்னா பயமில்ல. கண்ண மூடிக்கிட்டுப் படுத்துக்குவேன்."

"அங்க கண்ணத் திறந்துகிட்டுத்தான் படுக்கணும்."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் "நீ கழுவுறதுன்னா பயமில்ல" என்ற அந்த ஒரு வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இருபது வருடத்தில் அண்ணி வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் மறுநாளுக்கான ஆறு தட்டுகளையும் வரிசையாக வைத்தாள். ஆறு பேர், ஆறு தட்டு. எந்தத் தட்டு யாருக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. தியேட்டரில் கைக்கு வந்ததை எடுப்பார்கள். தொட்டிக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தாள் தொங்கியது. கத்தரிக்கும் இடுக்கிக்கும் சோப்புத் திரவம் போடலாம், குழல்களுக்கு டிஸ்டில்டு வாட்டர் தவிர எதுவும் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. காரணம் எழுதவில்லை. அவளும் யாரையும் கேட்டதில்லை. சோம்பேறிகளுக்காக யாரோ எழுதி வைத்த சலுகை அது என்பது அவளுடைய அபிப்பிராயம். வெறும் தண்ணீரில் கழுவினால் போதும் என்று சொன்னால் எந்த வீட்டுக்காரி ஒத்துக்கொள்வாள்?

அன்றைக்கு ஒல்லிப்பிச்சானை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இந்தத் துளை வழியாகத்தான் அண்ணி கண்ணுக்குள் மருந்து போகப்போகிறது. பச்சை நிற சோப்புத் திரவத்தைச் சிரிஞ்சில் உறிஞ்சி, குழலுக்குள் செலுத்தினாள். எந்தத் தட்டு அண்ணிக்கு வாய்க்குமோ என்று ஆறு தட்டுக் குழல்களுக்கும் அப்படியே செய்தாள். பிறகு வழக்கம்போல் மூன்று முறை தண்ணீர் விட்டாள். எதுக்கும் இன்னொருதரம் என்று நான்காவது முறையும் விட்டாள். ஆறு தட்டுக் குழல்களிலிருந்தும் தண்ணீர் வட்டத்துக்குள் நேராக விழுந்தது. தட்டுகளை நீராவிப் பெட்டிக்குள் தள்ளி மூடினாள். கல்யாண வேலை முடித்த களைப்பும் நிறைவும் அவள் முகத்தில் இருந்தன.

மறுநாள் ஆறு ஆபரேஷனும் ஒரு குறையில்லாமல் நடந்தன. கண்மேல் மூடி ஒட்டிக்கொண்டு வெளியே வந்த நாத்தனார், "எறும்பு ஊர்ந்த மாதிரிகூட இல்ல. எல்லாம் எங்க தம்பி பெண்டாட்டி கைராசி" என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடம் அளந்துகொண்டிருந்தாள். கழுவும் அறை வரைக்கும் அது கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகப் பேசினாள்.

அதற்கும் மறுநாள் காலையில் கட்டுப் பிரித்தார்கள்.

ஆறு பேரும் நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் இருந்தவர் ஒரு தச்சர். சிஸ்டர் அவருடைய மூடியை எடுத்து, பஞ்சால் துடைத்து, "எத்தனை விரல்?" என்று கேட்டாள். "விரலா? கையே தெரியலையே" என்றார் தச்சர். சிஸ்டர் குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த மூடியை எடுத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. ஆறாவதாக நாத்தனார். உறவுக்காரி என்ற உரிமையில் பக்கத்தில் நின்ற இன்னொருதரம் அக்கா எட்டிப் பார்த்தாள். கறுப்பாகப் பளபளக்க வேண்டிய விழி, யாரோ வாயால் ஊதிவிட்ட கண்ணாடிபோல் முழுக்க வெளுத்துக் கிடந்தது.

"ஏன் எல்லாரும் ஊமையாயிட்டீங்க?" என்றாள் நாத்தனார். "எனக்கு முன்னால தெரிஞ்சதும் இப்பத் தெரியலையே? முதல்ல இப்படித்தான் இருக்குமா? நீ சொல்லும்மா, நீ இங்கயே இருக்கிறவ."

அவள் டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டரம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். ஆறு பேரையும் விளக்குக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு நடைபாதையில் வந்து நின்றார்.

"கிருமி மாதிரித் தெரியல. கிருமின்னா வலி உயிர் போகும். ஒருத்தருக்கும் வலி இல்ல. ஆறு பேருக்கும் ஒரே நேரத்துல, ஒரே மாதிரி. கண்ணுக்கு ஆகாத ஏதோ ஒண்ணு உள்ள போயிருக்கு சிஸ்டர்."

"லென்ஸ் புதுப் பெட்டி டாக்டர். பசை மருந்தும் நேத்துப் பிரிச்சதுதான்."

"எல்லாத்தையும் தனியா எடுத்து வைங்க. கையுறையைக்கூட விடாதீங்க."

"கழுவுற ரூமையும் ஒருதடவை..."

"அது வேணாம். அங்க நம்ம இன்னொருதரம் இருக்கா."

அவள் நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பேசாமல் நகர்ந்துவிட்டால் பழி லென்ஸ் பெட்டிமேல் போய்விடும். அதைக் கேட்க யாரும் வரப்போவதில்லை. அந்த நினைப்பு வந்தது என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். ஒரு நிமிஷம் இருக்குமா? அவ்வளவுதான்.

"டாக்டரம்மா. குழலுக்கு நான் சோப்பு விட்டேன்."

டாக்டரம்மா புரியாமல் பார்த்தார். "எந்தக் குழலுக்கு?"

"எல்லாத்துக்கும். ஆறு தட்டுக்கும்."

"எதுக்கு?"

"சுத்தமா இருக்கணும்னு."

டாக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். கத்தவில்லை. "முடி அளவு துளைம்மா அது. சோப்பு உள்ளயே படிஞ்சிடும். ஆவியில காய்ஞ்சு ஒட்டிக்கும். கண்ணுக்கு உள்பக்கம் இருக்கிற மெல்லிசுத் தோலுக்கு அது விஷம்."

"நாலுதரம் தண்ணி விட்டேன் டாக்டரம்மா."

"நாப்பதுதரம் விட்டாலும் போயிருக்குமான்னு தெரியாது."

காரணம் தெரிந்ததும் வைத்தியம் வேகமெடுத்தது. மணிக்கொருதரம் சொட்டு மருந்து. ஆறு பேருக்கும் நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றார் டாக்டரம்மா. "அண்ணிகிட்ட நானே சொல்றேன்" என்று அவள் போனாள்.

கட்டிலோரம் நின்று, ஒன்றுவிடாமல் சொன்னாள். வாயாடி என்று பேரெடுத்த நாத்தனார் கடைசிவரை குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்த பிறகு வெளுத்த கண்ணை அவள் பக்கம் திருப்பினாள்.

"எனக்கு நல்லதுன்னு நெனச்சுப் பண்ணினியா?"

"ஆமா அண்ணி."

"மத்த அஞ்சு பேரும் உன்னை என்னடி பண்ணினாங்க?"



ஐந்தாம் நாள் நாத்தனாரின் கண் தெளிந்தது. பத்து நாளைக்குள் இன்னும் நான்கு பேருக்குத் தெளிந்தது. தச்சருக்குத் தெளியவில்லை. உள்தோல் செத்துவிட்டது, இறந்தவர் கண்ணிலிருந்து எடுத்து வைக்கும் வேறோர் ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். தன்னை வேலையைவிட்டு நிறுத்திவிடும்படி அவள் கேட்டாள். "உன் இடத்துல வர்றவ செஞ்சிருந்தா வாயத் திறந்திருப்பாளா? போய் உக்காந்து கழுவு" என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிட்டார். அது மன்னிப்பா தண்டனையா என்று அவளுக்கு விளங்கவில்லை.

தச்சர் வாரம் தவறாமல் வருகிறார். ஒருநாள் நேரே கழுவும் அறை வாசலுக்கே வந்துவிட்டார். மறு கண்ணிலும் புரை என்பதால் ஒரு கையால் நிலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"நீங்கதானாம்மா அது?"

அவள் எழுந்து நின்றாள். முதுகு சுவரில் இடித்தது.

"பயப்படாதீங்க. சண்டைக்கு வரல. நானும் ஒருதடவை ஒரு கதவை இன்னும் கொஞ்சம் நல்லா வரட்டும்னு சீவிச் சீவி, கடைசில நிலைக்குப் பத்தாமப் போச்சு. வீட்டுக்காரர் கண்டபடி பேசினார்." சிரித்தார். "கதவுன்னா வேற பண்ணிக் குடுத்துடலாம்..."

நிலையை இன்னொரு முறை தடவிவிட்டு, சுவரோரமாகவே நடந்து போனார்.

இப்போது அவள் வாயில் 'இன்னொருதரம்' வருவதில்லை. மற்றவர்களும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூசுகிறார்கள், வெறும் அக்காவாகிவிட்டாள். சட்டத்துக்குள் இருக்கும் தாளில் ஏன் கூடாது என்பதையும் டாக்டரம்மா எழுதி வைத்துவிட்டார். தாளில் எத்தனை முறை என்று இருக்கிறதோ அத்தனை முறைதான் தண்ணீர் விடுகிறாள். முடிந்ததும் வலது கை தானாகவே சிரிஞ்சை நோக்கிப் போகும். இடது கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்கிறாள். சோப்புத் திரவத்தைத் தொடுவதே இல்லை. கத்தரியும் இடுக்கியும் வேறொருத்தி பொறுப்பு. வீட்டில் டம்ளர்கள் கழுவாமல் கிடந்தால் புருஷன் சத்தம் போடாமல் தானே கழுவி வைக்கிறான். நாத்தனார் கேலி பேசுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

நாளைக்கும் ஆறு தட்டு. தண்ணீர் நூலாக இறங்கி வட்டத்துக்குள் விழுகிறது. குழலை நீராவிப் பெட்டித் தட்டில் வைக்கப் போனவள் நிற்கிறாள். தலையை அண்ணாந்து, இடது கை விரல்களால் தன் கண்ணை விரித்து, குழலை ஒரு சாண் உயரத்தில் பிடிக்கிறாள். இதைப் பார்த்துவிட்ட சிஸ்டர் ஏற்கெனவே ஒருதரம் சொல்லிவிட்டாள்: "கண்ணுக்கு வெளிய பட்டா ஒண்ணும் தெரியாதுக்கா. உள்ள போனாத்தான் கெடுதல். இதுல என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறீங்க?" "தெரியும் சிஸ்டர்" என்றுதான் அவளும் சொன்னாள்.

கடைசித் தண்ணீரில் ஒரு சொட்டை விழியின் நடுவில் விட்டு, எரிகிறதா என்று இமைக்காமல் காத்திருக்கிறாள். பிறகு அடுத்த குழலை எடுக்கிறாள்.