காதைத் தீட்டினால் கேட்கும் ஓடை

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் எங்கெங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதுதான் அவள் வேலை. படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே வைத்த கேம்பர்வேன்களை வாடகைக்கு விடும் கம்பெனி அது. பதினோரு வருஷமாக இதையே செய்ததில் ஸ்டாப்பம்மா என்று பேர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

எழுதிக் கொடுத்த இடங்களில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. வண்டி ஏறினால் மூன்றாவது வளைவில் குடல் வாய்க்கு வந்துவிடும், பிறந்ததிலிருந்தே அப்படித்தான். மாப்பிள்ளை பார்த்தபோது பையன் என்ன படித்திருக்கிறான் என்று கேட்கவில்லை, வீடு எத்தனை தூரம் என்றுதான் கேட்டாள். அடுத்த தெரு என்றதும் சரி என்று தலையாட்டிவிட்டாள். வேலையையும் நடந்து போகிற தூரத்தில்தான் தேடிக்கொண்டாள். இதெல்லாம் முதலாளிக்குத் தெரியாது. சேர்ந்த அன்று "இந்தப் பாதையெல்லாம் போயிருக்கீங்களா?" என்று கேட்டார். "போகாம இருப்பாங்களா?" என்றாள். அதை அவர் பதில் என்றே எடுத்துக்கொண்டார்.

பிறகு எப்படி எழுதினாள் என்றால், திரும்பி வந்த வண்டிகளைக் குடைந்துதான். பயணம் போய் வந்தவர்களிடம் எது நன்றாக இருந்தது என்று கேட்டால் 'சூப்பர்' என்பதற்கு மேல் ஒன்றும் தேறாது. குப்பை பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. தரைவிரிப்பில் மணல் இருந்தால் ஆற்றில் இறங்கியிருக்கிறார்கள். போர்வையில் புல் ஒட்டியிருந்தால் படுத்திருக்கிறார்கள். அதோடு, எந்த வண்டி எந்த இடத்தில் எத்தனை நிமிஷம் நின்றது என்று காட்டும் கருவி ஒன்றும் உண்டு. இரண்டையும் வைத்து அவள் பின்னிவிடுவாள்.

அப்படிக் கண்டுபிடித்ததில் அவளுக்கே பெருமையான இடம் நூற்றுப் பன்னிரண்டாவது கிலோமீட்டர். எந்த வண்டி போனாலும் அங்கே நாற்பது நிமிஷமாவது நின்றது. அங்கே நின்று வந்த வண்டிகளின் குப்பையில்தான் ஆரஞ்சுத் தோலும் பிஸ்கட் உறையும் குவிந்து கிடந்தன. மேஜையில் இருந்த கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் வரைபடத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கோடு போனது. சந்தேகமே இல்லை, ஓடைதான் என்று முடிவு கட்டினாள். உடனே பேனாவை எடுத்தாள். 'நான்காவது நிறுத்தம். ஒரு மணி நேரம் ஒதுக்கவும். கண்ணை மூடிக் காதைத் தீட்டினால் ஓடையின் சத்தம் கேட்கும்.' போனவர்கள் கருத்துப் புத்தகத்தில், 'இப்படி ஓர் இடத்தை நாங்கள் எங்குமே பார்த்ததில்லை' என்று எழுதினார்கள். ஒருத்தர் மட்டும் 'ம்' என்று எழுதியிருந்தார். அவர் ரசனை அவ்வளவுதான் என்று விட்டுவிட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மண்ணைப் போட்டது புது வண்டி. ஆறு பேர் படுக்கலாம், மேலே திறக்கிற ஜன்னல் வேறு. முதலாளி அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டே குண்டைத் தூக்கிப் போட்டார்.

"முதல் ட்ரிப் நானும் வீட்டுக்காரியும் போறோம். நீங்களும் வரீங்க. ஒவ்வொரு ஸ்டாப்லயும் நீங்க நின்னு விளக்குறதை வீடியோ எடுத்துப் போடலாம்."

அவள் சாக்குத் தேடினாள். கெண்டைக்கால் பிடிப்பு என்றாள். மகளுக்குப் பரீட்சை என்றாள். மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறதே என்று அவர் கேட்டார். மேற்கொண்டு பேசினால் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும், வேலையும் போய்விடும். நாற்பத்தெட்டு வயதில் நடந்து போகிற தூரத்தில் இன்னொரு வேலைக்கு எங்கே போவது? வருகிறேன் என்று சொல்லிவிட்டு மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவள் போட்ட திட்டத்தைக் கம்பெனி அதுவரை கண்டதில்லை. வழக்கமாக ஏழு நிறுத்தம். இப்போது இருபத்து மூன்று. அடிக்கோலை வைத்து வளைவு வளைவாக எண்ணி, இரண்டு வளைவுக்கு ஒரு நிறுத்தம் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வேண்டுமே? 'யானை முதுகுப் பாறை' என்றாள், 'காற்று திரும்பும் முனை' என்றாள், 'ஒற்றை மரக் காட்சி' என்றாள். எந்தச் சாலையில் போனாலும் ஒற்றையாக ஒரு மரம் நிற்காமலா போகும்? முதலாளி படித்துவிட்டு, "இத்தனை நாளா இதையெல்லாம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று நெகிழ்ந்து போனார்.

முதலாளியே ஓட்ட, வண்டி கிளம்பியது. அவள் கையில் எலுமிச்சம்பழம், மடியில் நாலு பிளாஸ்டிக் பை, முகத்தில் சிரிப்பு. முதல் நிறுத்தத்தில் இறங்கினாள். "வலது பக்கம் பாருங்க, நல்லா உத்துப் பாருங்க, அவசரப்படாதீங்க" என்று இரண்டு பேரையும் ஓரமாக நிறுத்திவிட்டு வண்டிக்கு இடது பக்கம் ஓடினாள். வேலை முடிந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "எப்படி?" என்றாள். "அடடா" என்றார் முதலாளி. வெறும் புதரைப் பார்த்து அடடா போடுகிற மனுஷனை நினைத்து அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

ஐந்தாவது தடவை இடது பக்கம் குனிந்திருந்தபோது முதுகை யாரோ நீவிவிட்டார்கள். முதலாளியம்மா.

"எத்தனை நாளா இது?"

"இன்னிக்கு ஏதோ ஒத்துக்கலைக்கா."

"கதை விடாதீங்க. இத்தனை பையோட யாரு கிளம்புவாங்க? நீங்க இந்தப் பக்கம் வந்ததே இல்லதானே?"

முதலாளியம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

"அவர்கிட்ட நான் சொல்லமாட்டேன். அதை நீங்கதான் சொல்லணும்," என்றார்.

சொல்லவாவது? உயிரே போனாலும் வாயைத் திறக்கப்போவதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டாள். அந்தச் சத்தியம் நூற்றுப் பன்னிரண்டாவது கிலோமீட்டர் வரைக்கும்தான் தாங்கியது.

அங்கே ஓடை இல்லை. ரயில்வே கேட் இருந்தது. மூடியும் இருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் துருப்பிடித்த தகரக் கொட்டகை ஒன்று, அந்தப் பக்கம் சரளைக் கல் குவியல். சரக்கு ரயில் வந்து போகும்வரை யாரும் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. நாற்பது நிமிஷத்துக்கு இதுதான் அர்த்தம் என்று புரிந்ததும் அவள் காது சுட்டது.

அது போதாதென்று, சாலையோரம் கம்பெனி வண்டிகள் மூன்று ஒதுங்கி நின்றன. மடக்கு நாற்காலி போட்டு ஏழெட்டுப் பேர் கொட்டகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் உதட்டில் விரல் வைத்து முதலாளியை அதட்டினார்.

"சத்தம் போடாதீங்க. இப்பத்தான் லேசாக் கேக்க ஆரம்பிச்சது."

"எத்தனை தடவை வந்திருக்கீங்க?" என்று முதலாளி ரகசியக் குரலில் கேட்டார்.

"மூணாவது வருஷம். வீட்டுக்காரிக்குப் போன வருஷமே கேட்டுடுச்சு. எனக்குத்தான் வரமாட்டேங்குது."

முதலாளிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஃபோனை நீட்டிப் பிடித்தார். "இவங்கதான் ஸ்டாப்பம்மா. இதை எழுதினவங்க. நீங்களே சொல்லிடுங்கம்மா, ஓடை எந்தப் பக்கம்?"

எல்லாரும் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார்கள். ஏதாவது ஒரு பக்கம் கையைக் காட்டினால் போதும், தப்பித்துவிடலாம். கை பாதி தூக்கியும் விட்டாள். பெரியவர் மனைவியைக் கைத்தாங்கலாக எழுப்பி, ஸ்டாப்பம்மாவின் கை போகிற பக்கம் திருப்பி நிறுத்தினார். அதைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கையை இறக்கிவிட்டாள்.

"ஓடை இல்லைங்க. நான் எங்கயுமே போனதில்ல. வண்டி ஏறினா வாந்தி வரும். மேப்புல கோட்டைப் பாத்து ஓடைன்னு நினைச்சிட்டேன். பதினோரு வருஷமா எல்லாமே உள்ள உக்காந்து எழுதினதுதான்."

ஒரு சத்தமும் இல்லை. அப்போதும் ஓடை கேட்கவில்லை.

பெரியவர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். "அப்ப உனக்கு என்ன கேட்டுச்சு?"

"நீங்க ஆசையா உக்காந்திருந்தீங்க. சும்மா கேக்குதுன்னு சொன்னேன்," என்றார் அந்த அம்மாள். பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

முதலாளி சிரிக்கவில்லை. ஃபோனைப் பையில் போட்டார். ரயில் வந்தது, பெட்டி பெட்டியாகப் போனது, கேட் திறந்தது. அவ்வளவு நேரமும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் போச்சு என்று அவள் பின்கதவைத் திறந்து ஏறப் போனாள்.

"அங்க இல்ல. முன்னாடி உக்காருங்க," என்றார். "முன் சீட்ல அவ்வளவா குமட்டாது. பதினோரு வருஷம் என்னை முட்டாளாக்கியிருக்கீங்க."

"ஆமாங்க."

வண்டி தண்டவாளத்தைத் தாண்டியது. அவர் நீட்டிய கையில் அவள் இருபத்து மூன்று நிறுத்தம் எழுதிய தாளைக் கொடுத்தாள். அதைக் கசக்கிக் கதவு இடுக்கில் செருகினார்.

"அடுத்த ஸ்டாப் எது?"

"தெரியாதுங்க."

"கண்ணு இருக்குல்ல? பாத்துச் சொல்லுங்க."

அவள் பார்த்தாள். கண்ணாடி முழுக்கச் சாலை வந்துகொண்டிருந்தது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. மூன்றாவது வளைவு திரும்பியதும் மலை சட்டென்று விலகியது. கீழே பள்ளம் முழுவதும் வெயில் கொட்டிக் கிடந்தது. எந்தக் குப்பையிலும் அது ஒட்டிக்கொண்டு வந்ததில்லை.

"நிறுத்துங்க," என்றாள்.

பின்னாலிருந்து முதலாளியம்மா எட்டிப் பார்த்தார். "பிடிச்சிருக்கா, இல்ல வாந்தி வருதா?"

"ரெண்டுந்தாங்க்கா," என்று சொல்லிக்கொண்டே அவள் கதவைத் திறந்தாள்.